குடி மாறிய கோயில்

1895-ம் ஆண்டு தைவான் தீவில் இரண்டு தளபதிகள் எதிரெதிர் அணியில் நின்றார்கள். ஒருவர் இளவரசர் கிதாஷிராகவா யோஷிஹிஸா. ஜப்பானியப் பேரரசர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தீவைக் கைப்பற்ற வந்த பேரரசுக் காவல் படைப்பிரிவுக்குத் தலைவர். இன்னொருவர் லியூ யோங்ஃபூ. வியட்நாமில் பிரெஞ்சுக்காரர்களைத் திணறடித்த கருங்கொடிப் படையின் தலைவர். சீனப் பேரரசு தைவானை ஜப்பானுக்குத் தாரைவார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகும் தீவை விட்டுக்கொடுக்க மறுத்து நின்றவர்களில் முக்கியமானவர்.

அக்டோபர் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லியூ கப்பலேறித் தப்பினார். வென்ற இளவரசரோ தைனான் நகரில் மலேரியாவில் இறந்துபோனார். ஜப்பானிய அரசுக் குறிப்பு அப்படித்தான் சொல்கிறது. அவரைக் காட்டுக்குள் மறைந்திருந்த கிளர்ச்சிக்காரர்கள் தாக்கிக் கொன்றார்கள் என்று ஊர்க்கதைகள் பல உலவுகின்றன.

43 ஆண்டுகள் கழித்து, 1938-ல், தாவோயுவான் நகரத்தை ஒட்டிய ஹூதோ மலைச்சரிவில் ஜப்பானியர்கள் ஒரு ஷிந்தோ கோயில் கட்டினார்கள். அங்கே வைத்து வணங்கப்பட்ட தெய்வங்களில் அந்த இளவரசரும் ஒருவர். ஜப்பான் போரில் தோற்றதும் இளவரசர் வெளியேற்றப்பட்டார். காலப்போக்கில் அதே கோயிலுக்குள் லியூ யோங்ஃபூவின் பெயர் பொறித்த பலகை வந்து அமர்ந்தது. தூண் மாறவில்லை, கூரை மாறவில்லை. உள்ளே இருந்தவர்தான் மாறினார், அதுவும் போர்க்களத்தில் அவருக்கு எதிரே நின்றவரே வந்து உட்கார்ந்தார்.

இன்று அந்த இடத்தின் பெயர் தாவோயுவான் தியாகிகள் நினைவாலயம். ஜப்பானுக்கு வெளியே இந்த அளவு முழுமையாகத் தப்பியிருக்கும் ஷிந்தோ கோயில் வேறு இல்லை என்பது பரவலான கருத்து. எப்படித் தப்பியது என்று கேட்டால் கலை ரசனை, மரபுப் பாதுகாப்பு என்றெல்லாம் பதில் வரும் என்று எதிர்பார்ப்போம். உண்மையான பதில் அவ்வளவு உயர்ந்ததல்ல. ஒருவர் காலி செய்ததும் இன்னொருவர் குடிவந்துவிட்டார், அதனால் தப்பியது. ரசனையும் பாதுகாப்பும் பிற்பாடுதான் வந்தன, அதுவும் கடைசி நிமிடத்தில்.

ஊருக்கு ஒரு கோயில்

ஷிந்தோ என்பது ஜப்பானின் பூர்விக வழிபாடு. மலை, அருவி, முதிர்ந்த மரம், முன்னோர், அரசர் என்று எதிலும் தெய்வம் உறையலாம். நிறுவனர் இல்லை, ஒற்றை வேதநூல் இல்லை. கிராமத்துக் காவல்தெய்வத்தை அறிந்த நமக்கு இது புரியாத சமாசாரமல்ல. ஆனால் 1868-க்குப் பிறகு ஜப்பானிய அரசு இதைக் கையில் எடுத்தது. பேரரசர் சூரியதேவி அமதெராசுவின் வழித்தோன்றல் என்ற நம்பிக்கை ஆட்சியின் அடித்தளம் ஆயிற்று. ராணுவம் போன இடமெல்லாம் கோயிலும் பின்னாலேயே போனது.

தைவானில் முதல் பெரிய கோயில் 1901-ல் தைபேயில் எழும்பியது. தீவில் உயிர்விட்ட அதே இளவரசர் அங்கே தெய்வமாக வைக்கப்பட்டார். ஒரு படையெடுப்பாளரைப் பிடிபட்ட நாட்டின் காவல்தெய்வமாக்கும் துணிச்சல் பேரரசுகளுக்கே உரியது.

ஆனாலும் முதல் நாற்பது ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்களின் சாமிகளை ஜப்பானியர் அதிகம் சீண்டவில்லை. மாசு அம்மன் கோயில்களில் ஊதுவத்தி புகைந்துகொண்டே இருந்தது. 1930-களின் நடுவில் நிலைமை மாறியது. சீனாவுடன் போர் நெருங்கியது. சீன வம்சாவளியினர் நிறைந்த தைவான் யார் பக்கம் நிற்கும் என்ற சந்தேகம் ஆட்சியாளர்களை அரித்தது. தைவான்காரர்களை அடியோடு ஜப்பானியராக்கிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். இதற்கு ‘கோமின்கா’ இயக்கம் என்று பெயர். பேரரசரின் குடிகளாக ஆக்குவது என்று பொருள்.

பள்ளியில் ஜப்பானிய மொழி மட்டும். நாளிதழ்களிலிருந்து சீனப் பகுதிகள் நீக்கம். ஜப்பானியப் பெயர் சூடிக்கொள்ள ஊக்கம். வீட்டு நடுக்கூடத்தில் முன்னோர் பலகைகளும் சாமி படங்களும் இருந்த இடத்தில் ஜப்பானின் ஈசே பெருங்கோயிலிலிருந்து வந்த திருச்சீட்டை வைக்கச் சொன்னார்கள். 1938-லிருந்து பல ஊர்களில் உள்ளூர்க் கோயில்கள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன, சிலைகள் எரிக்கப்பட்டன. இதோடு ‘ஊருக்கு ஒரு ஷிந்தோ கோயில்’ என்ற திட்டமும் வந்தது. போர் முடியும்போது தீவில் சிறியதும் பெரியதுமாகச் சுமார் இருநூறு கோயில்கள் இருந்தன. அவற்றில் பல அந்தக் கடைசிச் சில ஆண்டுகளில் அவசர அவசரமாக எழுந்தவை.

தாவோயுவான் கோயில் அந்த அலையில் பிறந்தது. அந்த ஊர் அப்போது சின்ச்சு மாகாணத்தின் ஒரு பகுதி. வடிவமைத்தவர் ஹாருதா நாவோனொபு என்ற கட்டடக் கலைஞர். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கோயிலுக்கு அழைத்துப்போய்ப் பேரரசருக்காகக் குனிய வைத்த காலம் அது. அந்தக் கட்டாயத்தை ஒதுக்கிவிட்டுக் கட்டடத்தின் அழகை மட்டும் பேசினால் அது பாதிக் கதைதான்.

ஆனால் அழகு இருக்கிறது. அதையும் மறைக்க முடியாது.

மரம் சொல்லும் கணக்கு

ஷிந்தோ கோயிலை ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது. நடந்துதான் பார்க்க வேண்டும். முதலில் ‘தோரி’ என்ற வாயில். இரண்டு தூண், குறுக்கே உத்தரம். கதவு கிடையாது, பூட்டும் கிடையாது. இதற்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் தெய்வத்தின் எல்லை என்று சொல்ல அது போதும். பிறகு மலையேறும் கல்படிகள், இருபுறமும் கல் விளக்குத் தூண்கள். படியருகே ‘கோமாஇனு’ எனப்படும் காவல் விலங்குகள். பாதி சிங்கம், பாதி நாய். ஒன்று வாயைத் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். இந்த இணை பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா, கொரியா வழியாக நடந்துபோய் ஜப்பான் சேர்ந்தது.

மேலே ஏறினால் ஒருபுறம் வெண்கலக் குதிரை. தெய்வத்தின் வாகனம் அது. பழைய ஜப்பானில் வேண்டுதல் நிறைவேற உயிருள்ள குதிரையையே கோயிலுக்கு விடுவார்கள். குதிரை வாங்க வக்கில்லாதவர்கள் மரப்பலகையில் குதிரையை வரைந்து கட்டினார்கள். இன்று ஜப்பானியக் கோயில்களில் மாணவர்கள் ‘தேர்வில் தேற வேண்டும்’ என்று எழுதித் தொங்கவிடும் ‘எமா’ பலகைகளுக்கு மூலம் அதுதான்.

அடுத்து நீர்த்தொட்டி மண்டபம். நீளக் காம்பு வைத்த அகப்பையில் நீர் மொண்டு முதலில் இடது கை, பிறகு வலது கை, உள்ளங்கையில் ஏந்திய நீரால் வாய், மறுபடி இடது கை. கடைசியில் மிச்ச நீர் காம்பில் வழியும்படி அகப்பையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அடுத்தவர் பிடிக்கப்போகும் இடத்தையும் கழுவிவிட்டு வைப்பது சம்பிரதாயம். இதையெல்லாம் ஒரே அகப்பைத் தண்ணீரில் முடிப்பவர்தான் பழகினவர்.

நீர்த்தொட்டியைத் தாண்டினால் நடுவாயில், அதற்கப்பால் வழிபாட்டு மண்டபம், அதன் பின்னே வேலிக்குள் கருவறைக் கட்டடம். பக்தர்கள் மண்டபத்தோடு நின்றுகொள்ள வேண்டும். ஷிந்தோவில் கருவறை கும்பிட வருபவருக்கான இடமே அல்ல. உள்ளே பெரும்பாலும் சிலையும் இருக்காது. கண்ணாடி, வாள் என்று தெய்வம் தங்கும் ஒரு பொருள் துணியும் பெட்டியுமாக மூடப்பட்டிருக்கும். யாரும் பார்க்காத அறைக்குத்தான் தச்சர்கள் அதிகம் மெனக்கெட்டிருப்பார்கள். தாவோயுவான் கருவறை ‘நாகரே-சுகுரி’ பாணியில் அமைந்தது. கூரையின் முன்சரிவு பின்சரிவைவிட நீண்டு, மெல்ல வளைந்து இறங்கி, முன்படிகளுக்கு மேல் குடைபோல் நிற்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் இந்தச் சமமின்மையின் அழகு தெரியும். நேரே மண்டபத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

எல்லாமே மரம். வர்ணப் பூச்சு கிடையாது. ஷிந்தோவின் தூய்மைக் கருத்து அப்படி: மரம் மரமாகவே இருக்க வேண்டும். தூண் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாங்குகட்டைகள் அகன்ற இறவாரத்தைச் சுமக்கின்றன. பொருத்துகளில் ஒரு கட்டையின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் போய் இறுகுகிறது. நிலநடுக்கம் வந்தால் இறுக்கமான கட்டடம் முறியும். இது கொஞ்சம் ஆடிக்கொடுத்துத் தன் நிலைக்கு வந்துவிடும். தைவானைப் போன்ற நடுங்கும் பூமிக்குப் பொருத்தமான தச்சு.

அந்த மரம் எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. கட்டடம் ஜப்பானுடையது, மரம் தைவானுடையது. தீவின் நடுமலைகளில் ஆயிரம் ஆண்டு தாண்டிய ஹினோகி என்ற சைப்ரஸ் வகை மரங்கள் நின்றன. அவற்றை இறக்குவதற்கென்றே அலிஷான் மலைக்கு ரயில் பாதை போட்டார்கள்; 1912-ல் ஓடத் தொடங்கியது. ஜப்பானில் அந்த அளவுப் பெருமரங்கள் ஏற்கெனவே அருகிவிட்டிருந்தன. தோக்கியோவின் மெய்ஜி கோயிலில் முதன்முதலில் நிறுத்திய பெரிய தோரியே தைவான் மலையில் வெட்டிய மரம்தான். பேரரசின் புனிதத் தலங்களுக்கு உத்தரம் கொடுத்தது அடிமைப்பட்ட தீவின் காடு.

ஹினோகிக்கு ஒரு வாசனை உண்டு. எலுமிச்சையும் கற்பூரமும் லேசாகக் கலந்ததுபோல இருக்கும். 1936-ல், அதாவது இந்தக் கோயில் எழுந்த அதே ஆண்டுகளில், தைபேயில் இருந்த பேரரசுப் பல்கலைக்கழகத்தில் நோசோஎ தெத்சுவோ என்ற வேதியியலாளர் தைவான் ஹினோகி எண்ணெயிலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தெடுத்தார். ஹினோகிதியோல் என்று பெயரிட்டார். ஏழு கார்பன் அணுக்கள் வளையமாகச் சேர்ந்த அதன் அமைப்பு வேதியியலில் ஒரு புதுக் கிளையையே திறந்துவிட்டது. பூஞ்சையையும் பாக்டீரியாவையும் அண்டவிடாத பொருள் அது. ஈரமும் வெக்கையும் மாறி மாறி வாட்டும் தீவில், எண்பது ஆண்டுகளைத் தாண்டியும் இந்தத் தூண்கள் உளுத்துப்போகாமல் நிற்பதில் இந்த வேதியியலுக்கும் பங்கு உண்டு.

தெய்வம் காலி செய்த நாள்

1945 அக்டோபர் 25. தைவான் சீனக் குடியரசின் கைக்குப் போனது. ஜப்பானியர் கப்பலேறினார்கள். இருநூறு கோயில்கள் அநாதையாயின.

மற்ற நாடுகளில் நடந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொரியாவில் சியோல் நகரின் நம்சான் மலைமேல் இருந்த பெருங்கோயிலில், பேரரசர் சரணடைந்த மறுநாளே பூசாரிகள் தெய்வங்களை ‘மேலே அனுப்பும்’ சடங்கு செய்தார்கள். பிறகு தாங்களே கட்டடத்தைப் பிரித்தெடுத்தார்கள். கொரியர்களின் கோபத்துக்கு மற்றக் கோயில்கள் இரையாயின. வழிபட மறுத்துச் சிறை சென்ற கிறிஸ்தவப் போதகர்கள் இருந்த நாட்டில் வேறென்ன நடக்கும்? சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்குள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க் கைதிகளை வேலை வாங்கி 1942-ல் எழுப்பிய ‘சியோனான் ஜின்ஜா’வை, ஆங்கிலேயர் திரும்பி வரும் முன்பே ஜப்பானியர்களே அழித்துவிட்டார்கள். எதிரி கை பட்டு அவமானப்படக் கூடாது என்ற எண்ணம். கருங்கல் நீர்த்தொட்டியும் சில படிகளும் மட்டும் இன்றும் காட்டுக்குள் கிடக்கின்றன. அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காலைநடை போகும் சிங்கப்பூர்த் தமிழர்கள் பலருக்கும் அதற்குள் இப்படி ஒன்று இருந்தது தெரியாது.

தைவானில் புதிய ஆட்சியாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். சீனக் குடியரசின் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் போரில் உயிர்விட்டவர்களுக்குத் தியாகிகள் நினைவாலயம் வேண்டும். புதிதாகக் கட்டப் பணமில்லை. மலைமேல், படிக்கட்டு, மண்டபம், கருவறை சகிதம் தயாராக நிற்கும் ஜப்பானியக் கோயில்கள் இருந்தன. தெய்வத்தின் பொருளை எடுத்துவிட்டுப் பெயர்ப் பலகைகளை வைத்தால் வேலை முடிந்தது. தாவோயுவான் கோயில் 1946-ல் சின்ச்சு மாவட்டத் தியாகிகள் நினைவாலயமாகவும், மாவட்டம் பிரிந்ததும் 1950-ல் தாவோயுவான் மாவட்ட நினைவாலயமாகவும் பெயர் மாறியது.

புதிதாகக் குடிவந்தவர்கள் யார்? 1662-ல் டச்சுக்காரர்களைத் தீவிலிருந்து துரத்திய கோக்ஸிங்கா. 1895-ல் ஜப்பானை எதிர்த்த லியூ யோங்ஃபூ. அவரோடு, தைவானின் குறுகிய காலக் குடியரசை அறிவித்தவர்களில் ஒருவரான கவிஞர் சியூ ஃபெங்ஜியா. பிறகு சீனக் குடியரசின் போர்களில் இறந்த வீரர்கள். பட்டியலைக் கொஞ்சம் உற்றுப்பார்த்தால் புன்னகை வரும். கோக்ஸிங்கா பிறந்தது ஜப்பானின் ஹிராதோவில், தாய் ஜப்பானியப் பெண். லியூவும் சியூவும் தோல்வி உறுதியானதும் தீவை விட்டுத் தப்பி, பல ஆண்டுகள் கழித்துச் சீனப் பெருநிலத்தில் காலமானவர்கள். தியாகிகள் பட்டியலை எந்த அரசு எழுதினாலும் அதில் இப்படிச் சில நெளிவுகள் இருக்கும்.

வழிபாட்டு முறையும் மாறியது. முன்பு இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிவது. இப்போது மூன்று முறை குனிவது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், மார்ச் 29, செப்டம்பர் 3 தேதிகளில், அரசு அதிகாரிகள் மலர் வைத்து அஞ்சலி செலுத்தும் வழக்கம் வந்தது.

எல்லாக் கோயில்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. தைபேயின் பெருங்கோயில் 1944-ல் விமானம் விழுந்து சேதமடைந்திருந்தது. அந்த இடத்தில் இன்று நிற்பது கிராண்ட் ஹோட்டல், 1973-ல் முடிந்த பதினான்கு மாடிச் சீன அரண்மனை. தைபேயில் இன்னொரு ஷிந்தோ கோயில் இருந்த இடத்தில், 1969-ல் பீக்கிங் அரண்மனைச் சாயலில் தேசியத் தியாகிகள் நினைவாலயம் எழுந்தது. வடசீன அரண்மனைக் கூரைதான் ‘சீனத்தன்மை’ என்ற அரசாங்க ரசனை அப்போது கோலோச்சியது. மியாவ்லி மாவட்டத்தின் தோங்சியாவ் கோயிலில் இன்னும் வேடிக்கை: ஜப்பானிய மண்டபத்தின் தலையில் தென்சீனக் கோயில்களின் தகைவிலான் குருவியின் வால் போன்ற முகட்டை வைத்து, நடுவில் குடியரசின் சூரியச் சின்னத்தைப் பொறித்தார்கள். உடம்பு ஒன்று, தலை ஒன்று. இப்போது அதையும் அப்படியே பாதுகாக்கிறார்கள். சரிதான், அந்த ஒட்டுவேலையும் இப்போது வரலாறு.

பெரிய அடி 1970-களில் விழுந்தது. 1972 செப்டம்பரில் ஜப்பான் தைவானுடன் உறவை முறித்துக்கொண்டு பீக்கிங்கை அங்கீகரித்தது. தைவான் கொதித்தது. 1974-ல் உள்துறை அமைச்சகம் ஜப்பானிய ஆட்சியின் மேலாதிக்கத்தைக் காட்டும் நினைவுச் சின்னங்களை அகற்றும்படி விதிமுறை வெளியிட்டது. கோயில்கள் இடிக்கப்பட்டன. கல் விளக்குகளிலும் கல்வெட்டுகளிலும் ஜப்பானியப் பேரரசரின் ஆண்டுப்பெயர் உளியால் சிதைக்கப்பட்டது. சில இடங்களில் சிமென்ட் பூசி மேலே குடியரசு ஆண்டை எழுதினார்கள். தைவானில் பழைய கல் எதையாவது பார்த்தால் ஆண்டு எழுதிய இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால், அங்கே யாரோ எதையோ மறக்க முயன்றிருக்கிறார்கள்.

போட்டியில் வென்றவர் போட்ட குண்டு

தாவோயுவானின் முறை 1985-ல் வந்தது. கட்டடம் பழுதடைந்திருந்தது. மாவட்ட நிர்வாகம் அதை இடித்துவிட்டுப் புது நினைவாலயம் கட்ட முடிவெடுத்து வடிவமைப்புப் போட்டி அறிவித்தது. வழக்கம்போல் அரண்மனைக் கூரையும் சிவப்புத் தூணுமாக ஒன்று எழும்பியிருக்க வேண்டும்.

இங்கேதான் திருப்பம். போட்டியில் வென்ற கட்டடக் கலைஞரே, ‘இதை இடிக்காதீர்கள், பழுதுபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னார். கையில் கிடைத்த பெரிய ஒப்பந்தத்தைத் தானே வேண்டாம் என்பது எந்த ஊரிலும் அபூர்வம். அப்போது ராணுவச் சட்டம் நடப்பில் இருந்த நாட்டில், அதுவும் ஜப்பானியக் கோயில் ஒன்றுக்காக வாதாடுவது அதைவிட அபூர்வம்.

விவாதம் செய்தித்தாள்களில் சூடுபிடித்தது. இடிக்க வேண்டும் என்றவர்கள் சொன்னது எளிதானது: நம் தியாகிகளை அவர்களுடைய எதிரியின் கோயிலில் வைத்திருப்பது வெட்கம். இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. எட்டு ஆண்டுகள் ஜப்பானுடன் போரிட்டு உறவுகளை இழந்த தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது.

காப்பாற்ற வேண்டும் என்றவர்கள் இரண்டு வாதம் வைத்தார்கள். ஒன்று, அடிமைப்பட்ட காலமும் நம் வரலாறுதான். சாட்சியை இடித்தால் பாடம் எப்படி நடத்துவது? மற்றது இன்னும் சாமர்த்தியமானது. இந்த அகன்ற இறவாரமும் அடுக்குத் தாங்குகட்டையும் உண்மையில் சீனாவின் தாங் வம்சக் காலத்துப் பாணி. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஜப்பான் நம்மிடம் கற்றுக்கொண்டு போனது. எனவே இதை இடிப்பது நம் முன்னோர் கலையையே இடிப்பது. கட்டடக்கலை வரலாற்றின்படி இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தத் தாங்குகட்டை முறை சீனாவிலிருந்து பௌத்தத்தோடு ஜப்பான் போனதுதான். ஆனால் நீண்ட முன்சரிவுக் கூரையும் பூசாத மரமும் மூடிய கருவறையும் ஜப்பானியத் தனித்தன்மைகள். அன்று அந்தப் பாதி உண்மை போதுமானதாக இருந்தது. ஜப்பானியக் கோயிலாகக் காப்பாற்ற முடியாததைச் சீனக் கலையாகச் சொல்லிக் காப்பாற்றினார்கள். என்னைக் கேட்டால், ஒரு நல்ல கட்டடத்துக்காகச் சொல்லப்பட்ட இந்த வக்கீல் வாதத்தை மன்னித்துவிடலாம்.

நிர்வாகம் இறங்கிவந்தது. பழுதுபார்ப்பு வேலை 1987-ல் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் நீடித்த ராணுவச் சட்டமும் விலக்கப்பட்டது. தைவான்காரர்கள் தங்கள் தீவின் கதையைத் தாங்களே பேசத் தொடங்கிய காலம் அது. 1994-ல் இந்தக் கட்டடம் மூன்றாம் நிலைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. சுவையான பொருத்தம், அதே 1994-ல் சியாயி நகரில் தியாகிகள் நினைவாலயமாக இருந்த இன்னொரு ஷிந்தோ கோயிலின் முக்கியக் கட்டடம் தீயில் எரிந்து போனது. அதன் இடத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. பக்கத்திலிருந்த கோயில் அலுவலகக் கட்டடம் மிஞ்சி, நகர வரலாற்றுக் காட்சியகமாகியிருக்கிறது. மரக் கட்டடத்தை அரசாணை காப்பாற்றலாம், நெருப்பு ஆணையைப் படித்துப் பார்ப்பதில்லை.

கிமோனோவும் சூரியதேவியும்

இன்று ஹூதோ மலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தியாகிகளைப் பார்க்கப் போவதில்லை. ஜப்பானிய உடை அணிந்து படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். தாயத்துப் பைகள், வேண்டுதல் பலகைகள் விற்கும் கடை இருக்கிறது. வளாகத்துக்கு இப்போது ‘தியாகிகள் நினைவாலயம் மற்றும் ஷிந்தோ பண்பாட்டுப் பூங்கா’ என்று இரட்டைப் பெயர். நடத்தும் பொறுப்பு தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜப்பான் போகச் செலவழிக்க முடியாத இளைஞர்களுக்கு ரயில் தூரத்தில் ஒரு ஜப்பான். அதில் தப்பில்லை. தாத்தாவைக் குனிய வைத்த இடத்தில் பேத்தி தன் விருப்பத்துக்கு நின்று படம் எடுக்கிறாள் என்றால், அதுவும் ஒரு வகை விடுதலைதான்.

ஆனால் 2022-ல் விஷயம் எல்லை தாண்டியது. நடத்துபவர்கள் ஜப்பானிலிருந்து சூரியதேவி அமதெராசு உள்ளிட்ட தெய்வங்களை முறைப்படி எழுந்தருளச் செய்து கொண்டுவந்து வளாகத்தில் வைத்தார்கள். எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு ஷிந்தோ வழிபாடு திரும்பியது. ஒரு பக்கம் வரிசை கட்டி மக்கள் கும்பிட வந்தார்கள். மறுபக்கம் கண்டனம் வெடித்தது. ஜப்பானை எதிர்த்து இறந்தவர்களின் பெயர்ப் பலகை இருக்கும் இடத்தில், ஜப்பானியப் பேரரசின் குலதெய்வத்துக்கு வழிபாடா? உள்ளாட்சித் தேர்தல் நேரம் வேறு. கடைசியில் அந்தத் தெய்வங்கள் நீண்ட நாள் தங்கவில்லை, அகற்றிவிட்டார்கள்.

அகற்றியது சரியே. கட்டடத்தைப் பாதுகாப்பது ஒன்று, பேரரசின் வழிபாட்டை அரசு இடத்தில் மீண்டும் நிறுவுவது வேறொன்று. அமதெராசுவைத் தனிமனிதர் யாரும் தைவானில் கும்பிடலாம், தடையில்லை. ஆனால் லியூ யோங்ஃபூவின் பலகையை வைத்துக்கொண்டு அதே மலையில் அந்தச் சூரியதேவியையும் எழுந்தருளச் செய்வது, இருவரையுமே கேலிப் பொருளாக்கும். அதேபோல், 1985-ல் இடித்திருந்தால் அதுவும் தப்பாகவே முடிந்திருக்கும். தைவான் முழுக்க அரண்மனைக் கூரைகளுக்குப் பஞ்சமில்லை. ஹினோகித் தூணும் நாகரே-சுகுரிக் கருவறையும் இன்னொரு முறை கிடைக்காது.

இருந்தாலும் ஒரு குறை நெருடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியச் சீருடையில் போர்முனைக்கும் படை வேலைக்கும் போன தைவான்காரர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். சிலர் தாமாகப் போனார்கள், சிலர் சூழ்நிலை தள்ளிப் போனார்கள், கடைசியில் சிலர் கட்டாயமாகவே பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் சுமார் முப்பதாயிரம் பேர் திரும்பவில்லை. பின்னாளில் தைவானின் அதிபரான லீ தெங்-ஹுயியின் அண்ணனும் அவர்களில் ஒருவர். 1945-ல் மணிலாவில் இறந்தார். அந்தக் காலத்தில் தீவெங்கும் படைக்குப் போகிறவர்களை ஷிந்தோ கோயில்களின் முன்னே நிறுத்தித்தான் வழியனுப்பினார்கள். இறந்த பிறகு அவர்களில் பெரும்பாலோரின் பெயர்களைக் குடும்பத்தைக் கேட்காமலே போரில் இறந்தவர்களைத் தெய்வமாக வைத்து வணங்கும் தோக்கியோவின் யாசுகுனி கோயிலில் சேர்த்துக்கொண்டார்கள். 2007-ல் லீ தெங்-ஹுயி அண்ணனுக்கு அஞ்சலி செலுத்த அங்கேதான் போக வேண்டியிருந்தது. பெரிய சர்ச்சையும் ஆனது.

தாவோயுவான் நினைவாலயத்தின் வரையறைப்படி அவர்கள் தியாகிகள் அல்லர். எதிரிப் படையின் ஆட்கள். ஜப்பானின் கணக்கிலோ அவர்கள் பேரரசருக்காக மடிந்தவர்கள். சொந்த ஊரின் இந்த நினைவாலயத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. அவர்களைத் தெய்வமாக்கவோ தியாகியாக்கவோ தேவையில்லை. இந்தக் கட்டடம் யாரையெல்லாம் குனிய வைத்தது, யாரையெல்லாம் போருக்கு அனுப்பியது என்று சொல்லும் ஒரு தகவல் பலகையை, தாயத்துக் கடைக்கும் கல்படிக்கும் நடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி நட்டால் போதும். தாவோயுவான் நகராட்சி நினைத்தால் ஒரு வாரத்தில் ஆகிற வேலை.